கவுன்சிலிங் அறையில் தொடலாமா? ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் கவுன்சிலிங் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர், இரண்டு வாக்கியம் முடிவதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தோளைத் தட்டி, "அழாதீங்கக்கா, எல்லாம் சரியாகிடும்" என்றேன். அழுகை சட்டென்று நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு "சாரிம்மா" என்றார். மீதி நேரம் முழுக்க மகனுடைய காலேஜ் ஃபீஸைப் பற்றித்தான் பேசினார்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசரிடம் இதை நல்ல விஷயமாகத்தான் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அழுகை நின்னதுல யாருக்கு நிம்மதி?" எனக்குத்தான். அந்தப் பெண்மணிக்கு, இங்கேயும் அழக்கூடாது என்று புரிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அவரிடம் சொன்னதைத்தான் நானும் என் கையால் சொல்லியிருக்கிறேன்.

துக்க வீட்டுக்குப் போனால் கட்டிக்கொண்டு அழுவது நம் வழக்கம். கையைக்கூடப் பிடிக்காமல் திரும்பினால்தான் அங்கே தப்பு. அந்தப் பழக்கத்தோடுதான் நாம் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறோம். ஆனால் கவுன்சிலிங் அறையில் இரண்டு பேரும் சமம் இல்லை. எதிரே இருப்பவர் யாரிடமும் சொல்லாததை நம்மிடம் சொல்லியிருக்கிறார். நம் முகம் கோணிவிடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் "வேண்டாம்" என்ற வார்த்தை அவர் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. தொடுதல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான்.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அப்படி ஒரு தவறு. சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பலருக்கு, யாராவது தொட்டால் உடம்பு விறைத்து அசையாமல் போய்விடும். சிலர் சிரிக்கக்கூடச் செய்வார்கள். ஒரு காலத்தில் அசையாமல் இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அமைதியாகத் தெரியும். "கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாலும், தலை குனிந்து வரும் "ம்" பதில் ஆகாது. முதல் செஷனிலேயே, யாரும் அழாமல் இருக்கும்போதே, பேசிவிடுவது நல்லது. நான் சொல்வது இதுதான்: "இங்க நான் பொதுவா யாரையும் தொட மாட்டேன். உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு எப்ப வேணும்னாலும் பேசலாம்."

உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்கா, தம்பி, பாப்பா என்பதெல்லாம் நம் வாயில் தானாக வரும். தவறில்லை. ஆனால் "நீ என் பொண்ணு மாதிரி" என்று சொன்ன கையோடு தலையைத் தடவினால், அவள் எப்படி மறுப்பாள்? அந்த உறவையே மறுத்தது போல் ஆகிவிடும். பெண்ணுக்குப் பெண்தானே, ஆணுக்கு ஆண்தானே என்ற சமாதானமும் உதவாது. அவரை முன்பு காயப்படுத்தியவர் யார் என்பது நமக்கு இன்னும் தெரியாது.

சரி, அப்படியானால் தொடவே கூடாது என்று ஒரே கோடாகப் போட்டுவிடலாமா? இதுவும் தவறுதான், அதுவும் நம் ஊரில் பெரிய தவறு. தண்ணீர் டம்ளரைக்கூட எட்ட வைத்துக் கொடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வரும் ஒருவர் கை குலுக்கக் கையை நீட்டும்போது, "எங்க தொழில் விதி" என்று நாம் கையைப் பின்னுக்கு இழுத்தால், அவர் காதில் தொழில் விதியா விழும்? தலைமுறை தலைமுறையாகக் கேட்டதுதான் விழும். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். சந்தேகமே வேண்டாம்.

காலில் விழுவதும் இப்படித்தான். நோய் தணிந்த நிம்மதியில் ஒருவர் சட்டென்று குனிந்துவிடுவார். துள்ளிப் பின்வாங்கினால் அவருக்கு அவமானம். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தால் நாம் சாமியார் ஆகிவிடுகிறோம். நானும் கொஞ்சம் குனிந்து, "எழுந்திருங்க, உக்காந்து பேசலாம்" என்பேன். அடுத்த முறை அதைப் பற்றிக் கேட்பேன். அந்தப் பேச்சில் பல நேரம் அப்பாவோ ஆசிரியரோ வந்து நிற்பார்.

தாமஸ் குதைல், க்ளென் கப்பார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993இல் இதற்கு ஒரு தெளிவான பிரிவினையைக் கொடுத்தார்கள். வழக்கத்தைக் கொஞ்சம் தாண்டுவது ஒன்று, வருபவருக்குக் கேடு செய்யும் மீறல் வேறொன்று. நீட்டிய கையைக் குலுக்குவது முதல் வகை. அதை வெளிப்படையாகப் பேசலாம், குறிப்பேட்டில் எழுதலாம். எழுதக் கை கூசினால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். குறிப்பில் எழுதாமல் விட்ட, சூப்பர்வைசரிடம் சொல்லாமல் விட்ட தொடுதல்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது.

யோசிக்காமல் வாக்குக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டன் உளப்பகுப்பாய்வாளர் பேட்ரிக் கேஸ்மென்ட் 1982இல் எழுதிய ஒரு சிகிச்சை அனுபவம் இன்றும் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுகிறது. அவரிடம் வந்த பெண், பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது கொதிக்கும் தண்ணீர் பட்டுக் கடுமையான தீக்காயம் அடைந்தவர். பதினேழாவது மாதத்தில், மயக்க மருந்து கொடுக்காமல் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, வடுவில் அறுவை செய்தார்கள். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா பாதியில் மயங்கிச் சரிந்தார். குழந்தையின் கையிலிருந்து அம்மாவின் கை நழுவியது.

சிகிச்சையில் அந்த நினைவு நெருங்கி வந்தபோது, தன் கையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேஸ்மென்ட்டிடம் கேட்டார். இல்லாவிட்டால் தன்னால் தொடர முடியாது என்றார். கேஸ்மென்ட் உடனே மறுக்கவில்லை, பிடிக்கலாம் என்பதுபோல் இடம் கொடுத்துவிட்டார். வாரக் கடைசியில் யோசித்தார். கையைப் பிடித்தால், நழுவிய அந்தக் கையின் பயங்கரத்தை அவர் சந்திக்காமலே கடந்துவிடுவார் என்று தோன்றியது. திங்கட்கிழமை, பிடிக்கப்போவதில்லை என்று சொன்னார். அந்தப் பெண் உடைந்துபோனார். இப்போது கேஸ்மென்ட்டே நழுவிப்போன அம்மா. அதற்குப் பிறகு நீண்ட நாள் இருவருக்கும் கடினமாகத்தான் போனது. ஆனால் கேஸ்மென்ட் ஓடவில்லை. கோபத்தையும் நிராசையையும் கேட்டுக்கொண்டு கூடவே இருந்தார். அந்தப் பெண் மெல்ல மீண்டு வந்தார்.

பிடித்திருக்க வேண்டுமா, கூடாதா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எனக்கு உறைப்பது, முதலில் கொடுத்துப் பிறகு திரும்ப வாங்கியதுதான். அறையில் உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது "சரி" என்றும் சொல்லாதீர்கள், "முடியாது" என்றும் சொல்லாதீர்கள். "இப்ப யாராவது கையைப் பிடிச்சுக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணுது, இல்லையா? அதைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்கலாம்.

உடம்பைத் தொடும் உத்திகளுக்கும் இதே கவனம் தேவை. அதிர்ச்சி நினைவுகளுக்கான இஎம்டிஆர் சிகிச்சையில் கண்ணை இடமும் வலமும் அசைப்பதற்குப் பதிலாக, முட்டியிலோ கையிலோ மாறி மாறித் தட்டுவதும் உண்டு. நாமே தட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. 1997இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் தாக்கியபின் அங்கே குழந்தைகளோடு வேலை செய்தவர்கள், கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு தங்களைத் தாங்களே தட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். பட்டாம்பூச்சி அணைப்பு என்று அதற்குப் பெயர். வருபவரே செய்துகொள்ள முடிகிற இடத்தில் நம் கை எதற்கு?

பாலியல் தொடுதலில் மட்டும் யோசிக்க ஒன்றுமே இல்லை. "அவங்கதான் ஆரம்பிச்சாங்க" என்பது சாக்கு, பதில் அல்ல. அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதி, சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் வரை அறவே தடை செய்கிறது. அதன் பிறகும் மிக அரிதான சூழலில்தான் அனுமதி. அங்குள்ள ஆலோசகர் சங்கம் ஐந்து வருடம் என்கிறது. இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவருக்கு உடல், சொல், உணர்வு, பாலியல் என எல்லா வகைக் கொடுமையிலிருந்தும் பாதுகாப்புப் பெறும் உரிமையைத் தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டம் வரும். குழந்தைக்கு அப்படி ஒன்று நடந்ததை அறிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம்.

ஆலோசனைக்குப் போகிறவர்களும் இதைப் படிக்கலாம். "இதுவும் சிகிச்சைதான், வெளியே சொல்லாதீங்க" என்று யாராவது சொன்னால் அது சிகிச்சை இல்லை. எழுந்து வந்துவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைத் தேதியோடு எழுதிவைத்து நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் மனநல மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இருக்கிறது. வெறும் "கவுன்சிலர்" போர்டு மட்டும் மாட்டியவர் என்றாலும் போலீஸில் புகார் கொடுக்கத் தடையில்லை.