எட்டு அட்டை போதும்: பல பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு ஒரே அச்சு

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தால் அறிவியலோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். கணக்குப் பணியிடம் காலியாக இருந்தால் எட்டாம் வகுப்புக் கணக்கு உங்கள் தலையில் விழும். சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் அந்த பீரியடும் உங்களுக்குத்தான். இதற்கு நடுவே "ஆர்வமூட்டும் கற்றல் கற்பித்தல் உபகரணம் செய்து வாருங்கள்" என்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகச் சார்ட், தெர்மாகோல், மாதிரி என்று இறங்கினால் இரண்டாவது வாரமே கை ஓய்ந்துவிடும். அந்தச் சார்ட்டும் பெரும்பாலும் சுவரில் தொங்குவதற்குத்தான், பிள்ளைகள் கை அதில் படுவதே இல்லை.

ஆகவே அச்சு ஒன்றாக இருக்கட்டும், பாடம் மட்டும் மாறட்டும். ஒரு ஏ4 தாள், அதில் எட்டு அட்டை, நான்கு பேர் கொண்ட குழு. இதை வைத்தே இதயத்தையும் தள்ளுபடிக் கணக்கையும் சுதந்திரப் போராட்டத்தையும் எடுக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: விடைத்தாள் கட்டைப் பிரியுங்கள்

பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கடைசித் தேர்வின் விடைத்தாள்களை எடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதிரி தப்பாக எழுதிய இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். உங்கள் அட்டை அந்த இடத்துக்குத்தான். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எவ்வளவு அழகாக அட்டை செய்தாலும் பத்து நிமிடத்தில் வகுப்பு கலகலத்துப் போகும். புரியாத இடத்துக்குச் செய்தால் கறுப்பு மையில் கிறுக்கியிருந்தாலும் மண்டையை உடைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

பத்தாம் வகுப்பு இரத்த ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள இரத்தம், சிரை என்றால் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் என்று கீழ்வகுப்பிலேயே மனதில் பதிந்திருக்கும். நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் அந்த விதிக்கு நேர்மாறு. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. உள்ளே ஓடும் இரத்தம் எது என்பது பெயருக்குச் சம்பந்தமில்லாதது. இந்த ஒன்று பிடிபட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

இரண்டாம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

எட்டு அட்டையை மூன்று விதமாக விளையாடலாம்: வட்டமாக, வரிசையாக, களையெடுப்பாக. எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. மற்றதெல்லாம் கத்தரிக்கோல் வேலை.

*வட்டம்.* இதயத்துக்கு இது. அட்டைகள்: வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. கலைத்துக் கொடுத்து, இரத்தம் ஓடும் வழியில் வட்டமாக அடுக்கச் சொல்லுங்கள். "எந்த அட்டையில சார் ஆரம்பிக்கணும்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். எங்கே ஆரம்பித்தாலும் சரிதான் என்பதைச் சுற்றி வந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். பெருந்தமனிக்கும் வலது ஆரிக்கிளுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் ஓட்டை விட்டிருக்கிறோம். நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, அங்கே என்ன வரும் என்று குழுவே எழுதி வைக்க வேண்டும். உடல், பெருஞ்சிரை என்று எழுதும் குழுவுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அடுக்கி முடித்ததும் ஆக்சிஜன் நிறைந்த இடங்களில் சிவப்புப் பொத்தான், குறைந்த இடங்களில் நீலப் பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். பொத்தான் இல்லையென்றால் புளியங்கொட்டையும் சின்னக் கல்லும் போதும். நுரையீரல் தமனிக்கு வரும்போது குழுவுக்குள் சண்டை வரும். வரட்டும். நீங்கள் போகாதீர்கள்.

*களையெடுப்பு.* கணக்குக்கு இது அருமையாகப் பொருந்தும். எட்டாம் வகுப்புத் தள்ளுபடிக் கணக்கு: ஆடி மாதம் கடைத்தெருவில் "20 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் 10 சதவீதம்" என்று பலகை தொங்கும். ஆயிரம் ரூபாய்ச் சட்டை என்ன விலைக்குக் கிடைக்கும்? எழுநூறு என்று வகுப்பே கத்தும். ஏழு அட்டையில் சரியான வழிமுறை: குறித்த விலை 1000; 1000-இல் 20 சதவீதம் 200; மீதி 800; 800-இல் 10 சதவீதம் 80; மீதி 720; மொத்தத் தள்ளுபடி 280; அது 1000-இல் 28 சதவீதம். எட்டாவது அட்டை களை: "20 + 10 = 30 சதவீதம்". எது களை என்று குழு சொல்ல வேண்டும், ஏன் களை என்று ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டும். இந்த வாக்கியத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும், அதை விட்டுவிடாதீர்கள். 30 சதவீத அட்டைக்குப் பரிந்து பேசும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். அதை அடக்கிவிடாமல் பேசவிட்டால், இரண்டாவது தள்ளுபடி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்ற கேள்வி தானாக மேலே வரும். சீக்கிரம் முடிக்கிற குழுவுக்கு: முதலில் 10, அப்புறம் 20 என்று மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? முதலில் 900, பிறகு மறுபடியும் அதே 720.

*வரிசை.* சமூக அறிவியலுக்கு. காந்திய காலகட்டத்திலிருந்து எட்டு: ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், ஒத்துழையாமை இயக்கம், சௌரி சௌரா, சைமன் குழு வருகை, லாகூர் மாநாட்டில் பூரண சுயராஜ்யத் தீர்மானம், தண்டி - வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், காந்தி - இர்வின் ஒப்பந்தம். ஆண்டை அட்டையில் எழுதக் கூடாது. எழுதினால் அது எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் கணக்காகப் போய்விடும். அடுக்கிய பிறகு ஒவ்வோர் இரண்டு அட்டைக்கும் நடுவே சாக்பீஸால் "அதனால்" அல்லது "அதன்பிறகு" என்று எழுதச் சொல்லுங்கள். ரௌலட் சட்டத்துக்கும் ஜாலியன்வாலா பாகுக்கும் நடுவே "அதனால்" வரும். சட்டத்தை எதிர்த்த போராட்டமும் அதையொட்டிய கைதுகளும்தான் 1919 ஏப்ரல் 13-க்குக் கொண்டுபோய் விட்டன. ஆனால் 1922-இன் சௌரி சௌராவுக்கும் 1928-இல் வந்த சைமன் குழுவுக்கும் நடுவே "அதன்பிறகு" மட்டும்தான். அந்தக் குழுவுக்கான காரணம் 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்திருந்தார்கள். காரணத்தையும் காலத்தையும் போட்டுக் குழப்புவதுதான் பெரிய வினாக்களில் மதிப்பெண்ணைத் தின்கிறது. ஆண்டு தெரியாதது இரண்டாம் பட்சம்.

மூன்றாம் படி: எழுதி அச்செடுப்பது

ஏ4 தாளை மூன்று முறை பாதிபாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். கையால் எழுதினால் இதுவே போதும். கணினியில் செய்வதென்றால் இரண்டு நிரல், நான்கு வரிசையில் ஓர் அட்டவணை போட்டு "வெற்று எட்டு" என்று பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். இனி எந்தப் பாடம் வந்தாலும் அதைப் படியெடுத்து எழுத்தை மாற்றினால் வேலை முடிந்தது. எழுத்தளவு 22-க்குக் குறையாமல் இருந்தால் பெஞ்சுக்கு எதிர்ப்புறம் இருந்தும் படிக்க முடியும். ஓர் அட்டைக்கு ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். பத்தி எழுதினால் யாரும் படிப்பதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். யூனிகோடில் தட்டச்சு செய்து பிடிஎஃப்பாக மாற்றி எடுத்துப் போங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஜெராக்ஸ் கடைக் கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால், இதயம் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும்தான் நிற்கும்.

நாற்பது பிள்ளைகள் என்றால் பத்துக் குழு, பத்துப் பிரதி. கறுப்பு வெள்ளையே போதும். வெறும் தாளாக விட்டால் மின்விசிறிக் காற்றில் பறக்கும், இரண்டு வகுப்புக்குத்தான் தாங்கும். லேமினேஷன் செய்தால் காசு எகிறும், பளபளப்பில் வெளிச்சம் அடித்து எழுத்தும் தெரியாது. என் ஓட்டு கல்யாணப் பத்திரிகைக்கு. எந்த வீட்டிலும் பரண்மேல் ஒரு கட்டு கிடக்கும், தூக்கிப் போட மனசு வராது. கெட்டியான அந்த அட்டையில் வெட்டிய துண்டை ஒட்டினால் இரண்டு மூன்று ஆண்டு உழைக்கும். மணமக்கள் பெயர் உள்ள பக்கத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு யாருக்குக் கல்யாணம் என்று படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒட்டிக் காய்ந்ததும், கட்டுப் போடுவதற்கு முன் ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் தொகுப்பின் அடையாளத்தை எழுதுங்கள். முதல் தொகுப்பின் எட்டு அட்டையிலும் "அ", இரண்டாவதில் "ஆ", இப்படிப் பத்தாவது "ஒ" வரைக்கும். சின்ன வேலைதான். ஆனால் மணி அடித்தபின் பெஞ்சுக்கடியில் ஒரு நுரையீரல் சிரை கிடக்கும்போது அது யாருடையது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

நான்காம் படி: ஆசிரியர் அறையில் ஒரு சோதனை

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் வேறு பாட ஆசிரியர் ஒருவரிடம் ஒரு தொகுப்பைக் கொடுங்கள். தமிழாசிரியர் இதயத்தை அடுக்கட்டும். அவர் "இது எங்க வரும்?" என்று தயங்கும் இடத்தில் ஒன்று பாடம் கடினம், அல்லது உங்கள் சொல் குழப்பம். சொல் குழப்பமாக இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். இதற்கு மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் போதும்.

ஐந்தாம் படி: வகுப்பில் நடத்துவது

முன்பெஞ்சுப் பிள்ளைகளைப் பின்பெஞ்சைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னால் குழு தயார், பெஞ்சை இழுத்துப் போட வேண்டாம். குழுவில் ஆளுக்கு இரண்டு அட்டை. விதி ஒன்றே ஒன்று: உன் அட்டையை உன் கைதான் தொடலாம். இந்த விதி இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளை எட்டையும் வாங்கி இரண்டு நிமிடத்தில் அடுக்கிவிடும், மற்ற மூன்று பேரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். விதி இருந்தால் அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கியே ஆக வேண்டும். "உன் இடது ஆரிக்கிளை இங்க வை" என்றால் "ஏன்?" என்று கேட்கும் உரிமை அட்டை வைத்திருப்பவருக்கு உண்டு. வாயே திறக்காத பிள்ளையிடம் களை அட்டையைக் கொடுத்துப் பாருங்கள், குழு முழுக்க அதனிடம்தான் பேசும்.

45 நிமிட பீரியடில் அடுக்க 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் குழுவுக்கு ஒருவர் மட்டும் காவலுக்கு இருக்க, மற்றவர்கள் பக்கத்துக் குழுவைப் பார்த்துவரட்டும். வேறு மாதிரி அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தங்களுடையதை மாற்றுவார்கள். அது காப்பியடிப்பது ஆகாது, காவலுக்கு இருந்தவரை ஒப்புக்கொள்ள வைத்தால்தான் மாற்ற முடியும். சரியான விடையைக் கரும்பலகையில் எழுதுவது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். சத்தம் வரும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தால் ஓர் அட்டையை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எடுத்து வைப்பது

ரப்பர் பேண்டு, அதற்கு மேல் ஒரு பழைய தபால் உறை. உறையில் வகுப்பு, பாடம், பிள்ளைகள் தடுக்கிய அட்டை எது என்று ஒரு வரி. அடுத்த ஆண்டு அந்த வகுப்பு உங்களுக்கு வராமல் போகலாம், எடுக்கிறவருக்கு அந்த ஒரு வரி உதவும்.

தொடங்கும்போது ஒரு பாடத்தில் ஒரு தொகுப்பு செய்து பாருங்கள். கை பழகியதும் தமிழுக்கும் இதே அச்சு ஒத்துவரும். குறளுக்கு 7 சீர், ஏழு அட்டை. எட்டாவதில் வேறொரு குறளின் சீரை எழுதிக் களையாக நுழைத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் அலகிடுதல் (சீரை நேர், நிரை என்று அசை பிரிப்பது) படித்த பிள்ளைகள், குறளின் கடைசிச் சீருக்கு உரிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டை வைத்து முதலில் கடைசி அட்டையைப் பிடிப்பார்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போகும்போது எந்தச் சீரில் வெண்டளை (வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி) தட்டுகிறதோ, அங்கே விரலை வைத்து அலகிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.