ஒரு ஊரில் ஒரு ராஜா: கேட் தேர்வின் ஆங்கிலப் பகுதியைப் பழகத் தொடங்குவது எப்படி?

இந்திய மேலாண்மைக் கல்வி நிறுவனங்களான ஐஐஎம்களில் சேர எழுதும் கேட் தேர்வுக்குத் தயாராகும் தமிழ்வழி மாணவர்கள் பலர், கணக்கைக்கூட ஒரு கை பார்த்துவிடலாம் என்று நம்புகிறார்கள். ஆங்கிலப் பகுதி என்றதும் சோர்ந்துவிடுகிறார்கள். நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். முதல் நான்கு மாதங்கள் அருஞ்சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்து கழித்தேன். பிறகு ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது, மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட அங்கே கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டதெல்லாம் வேறு: இந்த வாக்கியம் எதற்குப் பின்னால் வரும், இவர் சொல்வதன் சாரம் என்ன, இதிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது.

அதாவது சோதிக்கப்படுவது சொல் வளம் அல்ல, வாதத்தின் இழையைப் பிடிக்கும் திறன். அந்தத் திறன் தமிழில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

படி 1: தேர்வின் உருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

2024 கேட் தேர்வில் மொத்தம் 120 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முதலில் வருவது ஆங்கிலம்தான். அதில் 24 கேள்விகள். 16 கேள்விகள் நான்கு பத்திகளை ஒட்டியவை, மாணவர்கள் ஆர்சி (ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்) என்று சொல்வார்கள். மீதி 8 கேள்விகள் பாரா ஜம்பிள்ஸ் (கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது), ஆட் ஒன் அவுட் (சேராத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது), பாரா சம்மரி (பத்தியின் சாரத்தைத் தேர்ந்தெடுப்பது) போன்றவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் போகும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. அவற்றில் ஒன்றைக்கூட வெறுமையாக விடாதீர்கள்.

படி 2: தினம் ஒரு பத்தி, தமிழில் ஒரு வரி

முதல் மூன்று வாரம் கேள்வி எதுவும் போட வேண்டாம். தினம் ஓர் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுங்கள். இரண்டு முறை படியுங்கள். மூடி வைத்துவிட்டு, ‘இவர் என்ன சொல்கிறார்?’ என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். தமிழில்தான். புரிந்ததா இல்லையா என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால், புரியாமலேயே அங்கிருக்கும் சொற்களை அடுக்கிவிடலாம்.

செய்தித்தாள் தலையங்கம் மட்டும் போதாது. கேட் பத்திகள் தத்துவம், வரலாறு, மானிடவியல், சூழலியல் என்று எங்கெங்கோ இருந்து வரும். ஏயான் இணைய இதழின் கட்டுரைகளும் கார்டியன் நாளிதழின் நீள்கட்டுரைகளும் அந்த நடைக்குப் பழக நல்லவை. முதலில் மலைப்பாக இருக்கும். ஒரு பத்தி மட்டும்தானே, விடாதீர்கள்.

படி 3: ராஜா கதையை வைத்து வாக்கியங்களைக் கோப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், எளிதில் முன்னேறக்கூடியதும் இதுவேதான்.

பாட்டி கதை எப்படித் தொடங்கும்? ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணுங்களாம்.’ முதல் முறை வரும்போது ‘ஒரு ராஜா’, அடுத்த முறை ‘அந்த ராஜா’. இந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றிச் சொன்னால் மூன்று வயதுக் குழந்தையும் ‘எந்த ராஜா?’ என்று கேட்கும். பாரா ஜம்பிள்ஸ் என்பது இந்தக் கேள்விதான். ஆங்கிலத்தில் ‘எ’ என்பது நம் ‘ஒரு’. ‘தி’, ‘திஸ்’, ‘தட்’, ‘சச்’ எல்லாம் நம் ‘அந்த’, ‘இந்த’, ‘அப்படிப்பட்ட’. தமிழில் பல இடங்களில் இவற்றை விட்டுவிட்டும் பேசலாம் என்பதால், ஆங்கிலம் படிக்கும்போது நம் கண் ‘எ’, ‘தி’ இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறது. இன்றிலிருந்து அவற்றை வட்டமிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முடிச்சு முதலில் தெளிவாகத் தெரியட்டும் என்பதற்காகத் தமிழிலேயே தருகிறேன். கீழே படிக்காமல் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

1. அந்த வரைபடத்தை வைத்து, இறப்புகள் பெரும்பாலும் ஒரே தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே நடந்திருப்பதை அவர் காட்டினார்.
2. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, அந்நோய் கெட்ட காற்றால் வருகிறது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள்.
3. ஜான் ஸ்னோ என்ற ஒரு மருத்துவர் இந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. இறந்தவர்களின் வீடுகளை ஒரு வரைபடத்தில் குறித்தார்.
4. இருந்தும், அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட பின்னும் காற்றுக் கொள்கை உடனே மறைந்துவிடவில்லை.

எந்த வாக்கியம் யாரையும் சாராமல் தனியாக நிற்கிறது? இரண்டாவது மட்டும்தான். மற்ற மூன்றிலும் ‘அந்த’, ‘இந்த’, ‘இருந்தும்’ என்று ஏதோ ஒன்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. மூன்றில் ‘இந்த நம்பிக்கை’ என்றால் எந்த நம்பிக்கை? இரண்டில் இருப்பது. ஒன்றில் ‘அந்த வரைபடம்’, ‘அவர்’ என்றால்? மூன்றில் வந்த வரைபடமும் ஸ்னோவும். நான்கில் ‘அந்தப் பம்ப்’ ஒன்றிலிருந்து வருகிறது. ஆக 2-3-1-4.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நான்கு வாக்கியங்களை 24 விதமாக அடுக்கலாம். முதல் வாக்கியம் எது என்று உறுதியானால் 6 விதம்தான் மிச்சம். மீதி மூன்றில், ஒட்டி வர வேண்டிய ஒரு ஜோடியும் கிடைத்துவிட்டால் 2 விதம். அந்த இரண்டையும் மனதுக்குள் படித்துப் பார்த்தாலே போதும். எனவே நான்கையும் ஒரேயடியாக அடுக்க முயலாதீர்கள். தனியாக நிற்பதைக் கண்டுபிடியுங்கள், பிறகு ஒரு ஜோடியைத் தேடுங்கள்.

ஆங்கிலத்தில் பழகும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று எண். ‘தீஸ்’ என்றால் அதற்கு முன் பன்மையில் ஏதாவது வந்திருக்க வேண்டும். ‘தீஸ் டூ ஐடியாஸ்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அந்த இரண்டு கருத்துகளும் எங்கே என்று தேடுங்கள். சில நேரம் அவை ஒரே வாக்கியத்தில் இராது, இரண்டு வாக்கியங்களில் ஆளுக்கொன்றாக இருக்கும். அப்படியானால் ஒரே அடியில் மூன்று வாக்கியங்கள் உங்கள் கையில் வந்துவிடும்.

ஆட் ஒன் அவுட் கேள்வியில் ஐந்து வாக்கியங்கள் தந்து, சேராத ஒன்றைக் கேட்பார்கள். வேறு தலைப்பில் இருப்பதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், ஐந்தும் ஒரே தலைப்பில்தான் இருக்கும். மேலே உள்ள நான்கோடு ‘1858இல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல் போகவே, லண்டனில் புதிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்ட முடிவானது’ என்ற வரியைச் சேர்த்துப் பாருங்கள். அதே ஊர், அதே காலம், அதே தண்ணீர். ஆனால் மற்ற நான்கும் ஒரு நம்பிக்கைக்கும் அதை எதிர்த்த சான்றுக்கும் இடையிலான கதையைச் சொல்கின்றன. இந்த வரியில் அந்த இழை இல்லை.

படி 4: சாரம் கேட்டால், அளவைப் பாருங்கள்

பாரா சம்மரியில் தவறான விடைகள் பெரும்பாலும் நான்கு வேடத்தில் வரும். அதே ஸ்னோ பத்தியை வைத்தே பார்ப்போம். ‘ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்’ என்பது உண்மைதான், ஆனால் பத்தியின் ஒரு துண்டு. ‘வரைபடம் இல்லாமல் எந்த நோயின் பரவலையும் புரிந்துகொள்ள முடியாது’ என்பது சொன்னதை ஊதிப் பெரிதாக்குகிறது. ‘ஸ்னோவின் சான்றைக் கண்டதும் மருத்துவ உலகம் பழைய நம்பிக்கையைக் கைவிட்டது’ என்பது நான்காம் வாக்கியத்துக்கு நேர் எதிர். பத்தியில் இல்லாத புதுச் செய்தியைச் சேர்த்துக்கொண்டு வரும் விடை இன்னொரு வகை. நமக்குப் பொது அறிவில் தெரிந்த செய்தியாக அது இருந்தால் மயங்கிவிடுவோம். ‘காலராவுக்குக் காற்றே காரணம் என்ற நம்பிக்கைக்கு எதிராக ஸ்னோ சான்று காட்டினார், ஆனாலும் அந்த நம்பிக்கை உடனே போய்விடவில்லை’ என்பதுதான் சரி. படி 2இல் தமிழில் ஒரு வரி எழுதிப் பழகியவர்களுக்கு இந்த விடை முன்பே மனதில் இருக்கும்.

படி 5: தமிழ் நம்மைச் சறுக்கவிடும் இடங்கள்

ஆர்சி கேள்விகளில் நாம் இழக்கும் மதிப்பெண்களில் நிறைய, மிகச் சின்னச் சொற்களில் போகின்றன.

‘ஃப்யூ’ என்றாலும் ‘எ ஃப்யூ’ என்றாலும் நாம் ‘சில’ என்று படித்துவிடுகிறோம். ‘எ ஃப்யூ’ என்றால் சிலர் இருக்கிறார்கள். ‘ஃப்யூ’ என்றால் ஏறக்குறைய யாரும் இல்லை. ஒரே ஓர் எழுத்து வாதத்தையே திருப்பிப் போடுகிறது.

‘கல்யாணத்துக்கு எல்லாரும் வரலை’ என்று வீட்டில் சொன்னால், யாருமே வரவில்லையா அல்லது சிலர் வரவில்லையா என்பது குரலைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் ‘நாட் ஆல்’ என்பதில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை: ஒருவராவது வரவில்லை என்பது மட்டும்தான் உறுதி. ‘நன்’ என்றால்தான் யாருமே இல்லை.

ஆனால் தமிழ் உதவும் இடமும் உண்டு. ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ‘தான்’ அழகாகக் காட்டுகிறது. ‘பணம் கட்டினால் சீட்டு கிடைக்கும்’ என்றால், கட்டியவருக்குச் சீட்டு உறுதி. ‘பணம் கட்டினால்தான் சீட்டு கிடைக்கும்’ என்றால், கட்டாதவருக்கு நிச்சயம் இல்லை. கட்டியவருக்கு உறுதி என்று யாரும் சொல்லவில்லை. ‘ஒன்லி இஃப்’ வரும் இடத்திலெல்லாம் மனதுக்குள் ‘தான்’ போட்டுப் படியுங்கள்.

‘யெட்’ சில இடங்களில் ‘இன்னும்’, சில இடங்களில் ‘இருந்தும்’. ‘வைல்’ ‘போது’ என்றும் வரும், ‘ஆனால்’ என்றும் வரும். ‘சின்ஸ்’ ‘அதிலிருந்து’ என்றும் ‘ஏனென்றால்’ என்றும் வரும். கேள்வியில் ‘எக்செப்ட்’ இருந்தால் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டவர்களே அதைக் கவனிக்காமல் மதிப்பெண்ணை விட்டுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும்.

படி 6: நேரமும் தவறு நோட்டும்

நான்காவது வாரத்திலிருந்து கடிகாரம் வையுங்கள். நான்கு பத்திகளையும் ஓட்டமாக ஓடி அரைகுறையாக முடிப்பதைவிட, மூன்றை நிதானமாக முடிப்பது தொடக்கநிலையில் நல்லது. ஊகத்துக்கும் கணக்கு உண்டு: நான்கு விடைகளில் ஒன்றைக்கூட விலக்க முடியாவிட்டால், குருட்டாம்போக்கில் குறிப்பதால் சராசரியில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இரண்டை உறுதியாக விலக்கிவிட்டால், சராசரியாக ஒரு கேள்விக்கு 1 மதிப்பெண் லாபம்.

தவறவிட்ட கேள்விகளுக்கென்று ஒரு தவறு நோட்டு வையுங்கள். அதில் சரியான விடையை எழுதுவதால் பயனில்லை. ‘தவறான விடை எனக்கு ஏன் சரியாகப் பட்டது?’ என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ‘தெரிந்த செய்தி என்பதால் நம்பினேன்’, ‘ஃப்யூவைச் சில என்று படித்தேன்’, ‘தி-யைக் கவனிக்கவில்லை’. இரண்டு வாரம் போனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அடுத்த வாரப் பயிற்சி அதற்கு மட்டும்.

இப்போது ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள்.

1. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியை நோக்கிக் கோணம் எடுத்து ஒரு முக்கோணம் அமைத்தால், அந்தப் புள்ளியின் தூரம் கணக்கிலேயே கிடைத்துவிடும்.
2. 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற நில அளவையாளர் சென்னைப் பரங்கிமலை அருகே தரையில் ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார்.
3. எனவே சங்கிலி பிடித்து அளந்தது சில கோடுகளை மட்டுமே. மீதி நிலமெல்லாம் கோணங்களால் அளக்கப்பட்டது.
4. அப்படிக் கிடைத்த தூரம் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கமாகும்.

விடை 2-1-4-3. ‘அதன்’ அந்த நேர்கோட்டைத் தேடுகிறது, ‘அப்படிக் கிடைத்த தூரம்’ ஒன்றாம் வாக்கியத்தைத் தேடுகிறது. 2-1-3-4 என்று போட்டிருந்தால் நோட்டை எடுங்கள்: ‘எனவே’ என்ற முடிவுக்கு, முக்கோணம் முக்கோணமாக நகர முடியும் என்ற நான்காம் வாக்கியம் முன்பே தேவைப்படுகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.