தெருவில் ஒரு சாய்தளம், ஓர் இருக்கை: மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கான செயல்முறை

பொது இடங்களில் வைக்கப்படும் ஓவியங்களும் சிற்பங்களும் பெரும்பாலும் பார்ப்பதற்கானவை. அந்த இடத்தையே மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி மாற்றுகிற படைப்பு அவ்வாறு நின்றுவிட முடியாது. அதில் ஏற முடிய வேண்டும், உட்கார முடிய வேண்டும், தொட்டு வழி அறிய முடிய வேண்டும். இத்தகைய பணியைத் தம் ஊரில் தொடங்க விரும்பும் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து உழைக்க முன்வருவோருக்காகவும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதல் வேலை இடத்தைத் தேர்வது. கனடாவைச் சேர்ந்த பார்வைத்திறன் குறைந்த கலைஞர் கார்மன் பாப்பாலியா, பங்கேற்பாளர்களைக் கண்களை மூடிக்கொண்டு, முன்னே செல்பவரின் தோளில் கைவைத்து வரிசையாக நிற்கச் செய்து, தாமே முன்னின்று நகரத் தெருக்களில் அழைத்துச் செல்கிறார். அந்த நடையில் வழி அறிந்தவர் அவர்தான் என்பதே அதன் வலிமை. பார்வையுள்ளவர்கள் தாமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தடுமாறுவது அதற்கு ஈடாகாது. ஆகவே சக்கர நாற்காலியில் வருபவர், வெண்கோல் பயன்படுத்துபவர், நெடுநேரம் நிற்க இயலாதவர் ஆகியோரை முன்னிறுத்தி, பகலில் ஒருமுறையும் விளக்கு எரியும் நேரத்தில் ஒருமுறையும் அந்தத் தெருவில் செல்லுங்கள். படிகளின் உயரம், நடைபாதையின் அகலம், தடுப்புக் குத்துக்கற்களின் இடைவெளி, ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் உள்ள தொலைவு ஆகியவற்றை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கே தடை மிகுதியோ அங்கேதான் படைப்பு அமைய வேண்டும். நிழற்படத்தில் அழகாக விழும் சுவர் எதுவென்பது இங்கே பொருட்டல்ல.

கடை வாசலில் ஒரே ஒரு படி இருக்குமானால் சாய்தளப் பலகை ஏற்ற தொடக்கம். டொரொன்டோவில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் பொறியாளர் லூக் ஆண்டர்சன், 2011-இல் தொடங்கிய ஸ்டாப்கேப் முயற்சியின் வழியாகக் கடைகளுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசிய மரச் சாய்தளங்களை வழங்கினார். ஜெர்மனியின் ஹனாவ் நகரில், தாமும் சக்கர நாற்காலியில் இயங்கும் ரீட்டா ஏபெல் என்ற மூதாட்டி, நன்கொடையாக வந்த லெகோ கட்டைகளை ஒட்டிச் சாய்தளங்கள் செய்கிறார். இருவரிடத்திலும் வண்ணம் வெறும் அலங்காரமன்று. வழிப்போக்கரை நிறுத்தி, இங்கே ஏன் இது தேவைப்பட்டது என்று கேட்கவைப்பது அதுதான்.

இந்திய வழிகாட்டு நெறிகள் கூறும் சரிவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள படிக்கு 180 செ.மீ. நீளமான சாய்தளம் வேண்டும். குறுகிய நடைபாதையில் அது மற்றவரின் வழியை அடைத்துவிடக்கூடும் என்பதால், கடை திறந்திருக்கும்போது விரித்து, பிறகு எடுத்து வைக்கும் பலகையாக அதைச் செய்வதே நடைமுறைக்கு உகந்தது. இடமின்மையால் சரிவு செங்குத்தாக அமையுமானால், ஏறுவதற்குத் துணை வேண்டியிருக்கும் என்பதைப் பலகையிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணியையும் பொருத்தச் சொல்லுங்கள். மேற்பரப்பில் மணல் கலந்த வண்ணம் பூசுங்கள். எனாமல் மட்டும் பூசிய பலகை மழையில் வழுக்கும். விளிம்புகள் சற்று உயர்ந்தும், நிறத்தில் மாறுபட்டும் இருக்கட்டும். இரண்டு மூன்று படிகள் இருந்தால் பலகையை நம்பாதீர்கள். அது கொத்தனாரின் வேலை.

இருக்கையில் எழுத்துக்கும் இடமுண்டு. அமெரிக்கக் கலைஞர் ஃபின்னகன் ஷானன், நின்றுகொண்டே பார்க்க வைக்கும் கண்காட்சிக் கூடங்களை நோக்கிய முறையீட்டை இருக்கைகளின் மீதே எழுதி, உடன்படுவோரை அமரச் சொல்கிறார். உட்காருவதே ஒப்பமிடுவதாகிவிடுகிறது என்பதால், எனக்குத் தெரிந்த மனுக்களில் இதுவே மிகச் சுருக்கமானது. உங்கள் தெருவுக்கேற்ற வாசகத்தை நீங்களே ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் இருக்கை சுமார் 45 செ.மீ. உயரமும், சாய்மானமும், ஊன்றி எழக் கைப்பிடியும் கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்கக் குறைந்தது 90 செ.மீ. அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும்.

சுவரில் தொட்டுணரும் புடைப்போவியம் செய்வோர், முழங்காலுக்கு மேலே தொடங்கி அமர்ந்தவரின் கை எட்டும் உயரத்துக்குள் முக்கியப் பகுதிகளை அடக்க வேண்டும். இடுப்புயரத்தில் சுவரைவிட்டு 10 செ.மீ.க்கு மேல் துருத்தி நிற்பதை வெண்கோல் உணராது; உடம்பு மோதித்தான் தெரியும். நம் வெயிலில் உலோகத் தகடு கையைச் சுடும் என்பதால் சுடுமண் ஓடோ கல்லோ மேல். தமிழ் பிரெயில் எழுத்துகளைப் பொருத்துமுன் பிரெயில் படிப்பவர் ஒருவர் பிழை திருத்தியாக வேண்டும்.

தரையோவியத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை போதும்: பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணர்ந்து நடக்கத் தரையில் பதித்த மஞ்சள் வழிகாட்டிக் கற்களின் மீது வண்ணம் பூசாதீர்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இக்கற்களில் கோடுகள் செல்லும் திசையையும் புள்ளிகள் எச்சரிக்கையையும் குறிக்கின்றன. ஓரளவு பார்வையுள்ளவர்களுக்கு அந்த நிற வேறுபாடும் துணை.

அனுமதிக்காக உள்ளாட்சி அமைப்புக்கு எழுதும் கடிதத்தில், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ஐயும், அணுகல் தரங்களைக் கட்டாயமாக்க வேண்டுமென்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் குறிப்பிடுங்கள். செலவுக் கணக்கில் வண்ணத்துக்கு முன்பாகக் கலைஞரின் ஊதியத்தையும், ஆட்டோ கட்டணத்தையும், சைகைமொழி பெயர்ப்பாளரின் கட்டணத்தையும் எழுதுங்கள். விழிப்புணர்வுப் பணி என்று சொல்லி இலவசமாக வரச் சொல்வோரிடம் இது குறித்துப் பேசத் தயங்க வேண்டியதில்லை.

பராமரிப்பையும் அக்கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக, நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை, டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. தளர்ந்த திருகை முடுக்குபவர் யார், உரிந்த வண்ணத்தைப் பூசுபவர் யார், அதற்கான தொகை எங்கிருந்து வரும் என்பவை பெயரோடு எழுதப்பட வேண்டும். கடைக்காரரோ மாநகராட்சியோ நிரந்தரச் சாய்தளம் கட்டிவிட்டால், உங்கள் பலகையைப் பழுது பார்த்து, பட்டியலில் அடுத்ததாக உள்ள படிக்கு அதன் உயரத்தை அளந்து எடுத்துச் செல்லுங்கள்.