முன்சக்கரத்தை வீட்டிலேயே கழற்றி மாட்டுதல்

பென்னாகரத்துக்கு அப்பால் உள்ள சிற்றூர் ஒன்றில் பைக்கின் முன்டயர் பஞ்சரானால், வண்டியைக் கடை வரை தள்ளிச் செல்வதைவிடச் சக்கரத்தை மட்டும் கழற்றிப் பேருந்தில் எடுத்துச் செல்வது எளிது. கழற்றுவதில் பெரிய சிரமம் இல்லை. திரும்ப மாட்டும்போதுதான் கவனம் வேண்டும்.

சமதளமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரம் தரையில் பதிந்திருக்கும்போதே ஆக்சிலின், அதாவது சக்கரத்தின் நடுவே செல்லும் தண்டின், நட்டைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் அதை முதலில் உருவ வேண்டும். பிறகு எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தை உயர்த்தலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளின் வாசலில் கிரானைட் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், கல் வழுக்கும், எஞ்சினையும் கீறும் என்பதால் கட்டையே நல்லது. வண்டியின் எடை சைலன்சர் குழாயின் மீது விழக் கூடாது.

டிரம் பிரேக் வண்டியானால் பிரேக் கேபிளையும், சக்கரத்தோடு இணைந்திருந்தால் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் விடுவித்து, ஒரு கையால் சக்கரத்தைத் தாங்கியபடி ஆக்சிலை உருவ வேண்டும். அப்போது ஆக்சிலின் மேல் இடைவெளிக்காகச் செருகியிருக்கும் சிறு குழாயான ஸ்பேசர் புஷ் கீழே விழுந்து உருண்டோடும். எது எந்தப் பக்கம் இருந்தது என்பதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளின் மேல் அடுக்கி வைப்பது என் வழக்கம். ஒருமுறை சக்கரத்தை மாட்டி முடித்தபின் திண்ணையில் ஒரு புஷ் மிச்சமிருந்ததைப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றிய பிறகு வந்த வழக்கம் அது.

டிஸ்க் பிரேக் வண்டியில், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரை யாரும் தொடக் கூடாது. அழுத்தினால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டன் முன்னே வந்து, அதிலுள்ள இரண்டு பேடுகளுக்கும் நடுவே டிஸ்க் மீண்டும் நுழையாது. பேடுகளுக்கிடையே மெல்லிய அட்டையைச் செருகி வைத்துவிட்டால், சுற்றி விளையாடும் பிள்ளைகளைப் பற்றிய கவலை பாதி குறையும்.

பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுழற்றிப் பார்த்து, கரகரப்பு இருந்தால் மாற்ற வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆக்சிலில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். டிஸ்க்கிலோ பிரேக் ஷூவிலோ அது பட்டுவிடக் கூடாது.

மாட்டும்போது, டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கி உருளும் திசையைக் காட்ட வேண்டும். டிரம் பிரேக்கில் உயிர்நாடியான இடம் ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் உட்புறத்தில் சிறிய முட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; ஷூக்கள் பொருத்தப்பட்டிருக்கும் பிரேக் தட்டில் உள்ள பள்ளம் அதில் சரியாக உட்கார வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஷூக்கள் டிரம்மைப் பற்றுவதால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும் தட்டைத் தடுத்து நிறுத்துவது அந்த முட்டு மட்டுமே. அது பொருந்தாவிட்டால் தட்டு சுழன்று, கேபிளை இழுத்து அறுத்து, சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். ஆகவே ஆக்சிலைச் செருகியதும் தட்டைக் கையால் திருப்பிப் பார்த்து, அது அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே நட்டைப் போட வேண்டும்.

கட்டையை எடுத்துச் சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஹேண்டில்பாரை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, டிரம் பிரேக்கானால் லிவரைப் பிடித்தபடியே நட்டை முறுக்கினால், ஷூக்கள் நடுவில் அமரும். பழைய ஸ்பிளிட் பின்னை மீண்டும் பயன்படுத்தாமல் புதியது போட வேண்டும். சில ரூபாய்தான் ஆகும். டிஸ்க் வண்டியில் லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்த வேண்டும், ஏனெனில் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.

வீட்டுத் தெருவில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்து, திரும்பி வந்து நட்டை மறுபடி ஸ்பேனரால் சோதித்த பிறகே தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களுக்கு வண்டியை எடுக்கலாம்.