பால் கொடுக்கிறவர்களுக்கு மாதவிலக்கு எப்போது வரும், அதுவரை என்ன செய்வது

திருவாரூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பிரசவமான வீட்டில் குழந்தையை எடை போட்டு முடிப்பதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்: “பால் குடிக்கிற வரைக்கும் உண்டாகாது நர்சம்மா.” இது பாதிதான் உண்மை. அந்த மீதிப் பாதி தெரியாமல்தான் பல பெண்கள் ஒரு தடவைகூட மாதவிலக்கு வராமலே மறுபடி கர்ப்பமாகிறார்கள். கருமுட்டை முதலில் வெளிவரும், மாதவிலக்கு அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். “இன்னும் வரலையே” என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

குழந்தை சப்பச் சப்ப உடலில் புரோலாக்டின் என்கிற ஹார்மோன் சுரக்கிறது. பால் ஊறுவதும், கருமுட்டை வராமல் தள்ளிப்போவதும் அதனால்தான். சப்புவது குறைந்தால் அந்தத் தடையும் தளர்ந்துவிடும். அதனால் மாதக் கணக்கை விட, பால் கொடுக்கிற இடைவெளியைப் பாருங்கள். பால் கொடுப்பதையே கருத்தடையாக நம்ப மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, அதுவும் பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழாமல். மூன்றும் சரியாக இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் அதை நம்பக் கூடாது.

எங்கள் ஊரில் இது தவறுவது பெரும்பாலும் நடவு சமயத்தில். விடிந்ததும் வயலுக்குப் போகிறவள் மதியம்தான் கரையேறுவாள். அதுவரை பிள்ளைக்குப் பாட்டி பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து சங்கில் புகட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அழுகிற பிள்ளையை வேறு எப்படி ஆற்றுவார்? ஆனால் கூலிக்குப் போக ஆரம்பிக்கும் முன்பே என்னிடம் வந்து ஒரு கருத்தடை முறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இதைக் கேட்க வெட்கமே வேண்டாம்.

பிரசவமான ஆறு வாரம் வரை கசிகிற ரத்தம் மாதவிலக்கு அல்ல. அது திடீரென அதிகமானாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கருப்பைக்குள் வைக்கிற கருத்தடைச் சாதனமான காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைக்கலாம். மாதவிலக்கு திரும்பியதும் முதல் சில மாதங்கள் ரத்தப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும், பிறகு குறையும். அந்தரா என்கிற கருத்தடை ஊசி ஆறு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் அவ்வப்போது ரத்தம் திட்டுத்திட்டாகப் படும், போகப்போக மாதவிலக்கே நின்றுவிடலாம். “கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமா?” என்று பயப்படுகிறார்கள். தங்குவதற்கு அங்கே ரத்தமே சேர்வதில்லை. ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் பிடிக்கும், அடுத்த குழந்தையை யோசிப்பவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள். சாயா என்கிற கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. இதில் மாதவிலக்கு தள்ளிப்போவது உண்டு. 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையான ‘மாலா என்’ மட்டும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஆறு மாதம் வரை வேண்டாம்.

மாதவிலக்கு திரும்பினால் பால் கெட்டுவிடும் என்று குழந்தையை மறக்கடிக்காதீர்கள். ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். அடிக்கடி சப்பக் கொடுத்தால் சரியாகிவிடும்.