சூடு மட்டுமா சென்சாரைக் கெடுக்கிறது? உலைக்குத் தெர்மோகப்பிள் தேர்ந்தெடுக்கும் முறை

வெப்பநிலை சென்சார் வாங்கப் போகும் புதியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வரை தாங்கும்?" என்பதைத்தான். கேட்டலாக்கும் அதைத்தான் முதல் வரியில் சொல்லும். ஆனால் சிரமமான இடங்களில் சென்சார் பெரும்பாலும் சூட்டால் மட்டும் கெடுவதில்லை. சுற்றியிருக்கும் வாயு, ஓட்டத்தின் வேகம், அதிர்வு, தப்பான கேபிள் என்று வேறு காரணங்கள் வரிசையாக நிற்கும். அதனால் கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: இந்த இடத்தில் சென்சாரைக் கெடுக்கப் போவது எது?

பொதுவாகச் சொன்னால் இது பிடிபடாது. ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம்: கியர்களின் மேல்தோலைக் கடினமாக்கும் கேஸ் கார்பரைசிங் ஃபர்னஸ். சென்னை, ஓசூர், கோவைப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் இதைப் பார்க்கலாம். உள்ளே 920 முதல் 930 டிகிரி வரை சூடு. மெத்தனாலும் எல்பிஜி போன்ற வாயுவும் சிதைந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் நிறைந்த சூழல் உருவாகும். ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். கியரில் கார்பன் ஏறியதும் சூட்டைக் கொஞ்சம் இறக்கி, எண்ணெய்த் தொட்டியில் முக்குவார்கள்.

படி 1: இடத்தை எழுதி வையுங்கள்

வேலை செய்யும் சூடு, அதிகபட்சச் சூடு, உள்ளே இருக்கும் வாயு, சுவரின் தடிமன், கன்ட்ரோலர் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பேனல் எவ்வளவு தூரம், எத்தனை டிகிரி பிசகினால் பொருள் வீணாகும். ஒரு தாளில் அடங்கும். இது இல்லாமல் விலை கேட்டால் சப்ளையர் தன் கையிருப்பில் இருப்பதைத்தான் தருவார்.

படி 2: ஆர்டிடியா, தெர்மோகப்பிளா?

எண்ணெய்த் தொட்டிக்கு பிடி100 ஆர்டிடி போதும். அது சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினக் கம்பி: 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும். இரண்டு வயரோடு வாங்காதீர்கள். வயரின் தடை 1 ஓம் கூடினாலே சுமார் 2.6 டிகிரி அதிகமாகக் காட்டும். மூன்று வயர் வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது. உலைக்குள் 930 டிகிரி என்றால் தெர்மோகப்பிள்தான்: நுனியில் இணைத்த இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகள், சூட்டால் அவற்றில் பிறக்கும் மின்னழுத்தத்தை வைத்து வெப்பநிலையை அளப்போம். அதில் யோசிக்கவே வேண்டியதில்லை.

படி 3: எந்த டைப்?

கம்பிகளின் உலோகத்தைப் பொறுத்து கே, என், எஸ் என்று டைப் மாறும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். எல்லோரும் கே டைப் கேட்பார்கள். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், 1200 டிகிரிக்கு மேலும் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கே டைப்பின் பாசிட்டிவ் கம்பி நிக்கல்-குரோமியம். ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், ஏறத்தாழ 800 முதல் 1050 டிகிரிக்குள், அந்தக் கம்பியிலுள்ள குரோமியம் மட்டும் தனியாக ஆக்சைடாகிவிடும். தொழிலில் இதை கிரீன் ராட் என்கிறார்கள். பழைய சென்சாரை உடைத்துப் பார்த்தால் கம்பியில் பச்சை படிந்திருக்கும். குரோமியத்தை இழந்த கம்பி குறைந்த மின்னழுத்தம் தரும், கன்ட்ரோலர் குறைந்த வெப்பநிலையாகப் படிக்கும், "இன்னும் சூடு வேண்டும்" என்று ஹீட்டரைப் போட்டுக்கொண்டே இருக்கும். திரையில் 930 நிற்கும். உள்ளே அதைத் தாண்டியிருக்கும். எந்த அலாரமும் அடிக்காது. கியரின் கடினத் தோல் வரைபடத்தில் இருப்பதைவிட ஆழமாக வரும்போதுதான் தெரியும்.

ஒரு காந்தம் இருந்தால் இதைக் கையிலேயே சோதிக்கலாம். நல்ல கே டைப்பில் நெகட்டிவ் கம்பி மட்டும் காந்தத்தில் ஒட்டும். பாசிட்டிவும் ஒட்டினால் கிரீன் ராட் தொடங்கிவிட்டது. புதுக் கம்பியில் எது நெகட்டிவ் என்று கண்டுபிடிக்கவும் இதே காந்தம் உதவும்.

இந்த உலைக்கு என் தேர்வு என் டைப். அதன் கம்பிகளில் குரோமியத்தின் அளவையும் சிலிக்கானையும் கூட்டியிருப்பதால் இந்தச் சூட்டில் நிலையாக இருக்கும். எஸ் டைப் பிளாட்டினம் இன்னும் துல்லியம்தான். ஆனால் விலை அதிகம், உலோக ஆவி பட்டால் கெட்டுப்போகும், வாயு புகாத அலுமினா குழாய்க்குள்தான் வைக்க வேண்டும். பிளாட்டினக் கம்பியை நேராக உலோகக் குழாயில் செருகாதீர்கள்.

துல்லியத்தையும் இங்கேயே கவனியுங்கள். ஐஇசி 60584 என்ற சர்வதேசத் தரத்தில் கே, என் இரண்டுக்கும் கிளாஸ் 2 என்றால் 930 டிகிரியில் ஏழு டிகிரி வரை பிசகலாம். கிளாஸ் 1 என்றால் நாலு டிகிரிக்குள். ஆர்டரில் கிளாஸ் எழுதாவிட்டால் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 4: குழாயும் நீளமும்

கார்பன் சூழலுக்கு இன்கோனல் (நிக்கல் கலப்புலோகம்) 600 அல்லது 601 பாதுகாப்புக் குழாய். குழாய் மிக ஒல்லியாக வேண்டாம். சூடான உலோகச் சுவரையே ஹைட்ரஜன் ஊடுருவி உள்ளே வந்துவிடும். குறுகிய குழாயில் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்துபோய் கிரீன் ராட்டுக்கு வழி பிறக்கும்.

நீளக் கணக்கு எளிது. குழாயின் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது அறைக்குள் நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் வழியாகச் சூடு வெளியேறி நுனி குளிர்ந்துவிடும். 22 மி.மீ. குழாய், 230 மி.மீ. செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 220, சுவர் 230, ஹெட் (கேபிளை இணைக்கும் தலைப்பகுதி) சூடாகாமல் இருக்க வெளியே 100. மொத்தம் 550 மி.மீ. கேளுங்கள். நுனி கியர்களுக்கு அருகில் வரட்டும், ஹீட்டரை நேராகப் பார்க்க வேண்டாம்.

உங்கள் இடம் உலை இல்லாமல் நீராவிக் குழாய் என்றால் கணக்கே வேறு. அங்கே தெர்மோவெல்லை, அதாவது குழாய்க்குள் நீண்டு சென்சாரைக் காக்கும் உறையை, கெடுப்பது ஓட்டம். ஜப்பானின் ஃபுகுய் மாநிலத்திலுள்ள மோன்ஜு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று திரவ சோடியக் குழாயில் இருந்த ஒரு தெர்மோவெல் முறிந்து, சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. விட்டம் திடீரென்று மாறும் இடத்தில், ஓட்டம் உண்டாக்கிய அதிர்வால் உலோகம் களைத்து முறிந்திருந்தது. ஓட்டம் உண்டாக்கும் அதிர்வெண்ணைத் தோராயமாகக் கணக்கிட, ஓட்ட வேகத்தை 0.22-ஆல் பெருக்கி, மீட்டரில் எழுதிய நுனி விட்டத்தால் வகுங்கள். வினாடிக்கு 30 மீட்டர், 20 மி.மீ. நுனி என்றால் 330 ஹெர்ட்ஸ். தெர்மோவெல்லின் இயல்பு அதிர்வெண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இது இருக்க வேண்டும், அதாவது இயல்பு அதிர்வெண் 412 ஹெர்ட்ஸுக்கு மேல். சில நிலைகளில் வரம்பு 40 சதவீதமாக இறங்கும். முழுக் கணக்கு தெர்மோவெல்லுக்கான ஏஎஸ்எம்இ பிடிசி 19.3 டிடபிள்யூ என்ற அமெரிக்கத் தரத்தில் இருக்கிறது. சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கணக்கு இடித்தால் நீளத்தைக் குறையுங்கள். பாதியாக்கினால் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ நாலு மடங்காகும்.

படி 5: கேபிள்

சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஹெட்டிலிருந்து பேனல் வரை சாதா காப்பர் வயரை இழுப்பதைப் பார்க்கலாம். ஹெட் 70 டிகிரி, பேனல் 30 டிகிரி என்றால் அந்த 40 டிகிரி அப்படியே காணாமல் போகும். திரை 930 காட்டும், உலை 970-இல் ஓடும். என் டைப் சென்சாருக்கு என் டைப் கேபிள்தான்.

நிறம் இன்னொரு குழி. ஐஇசி முறையில் கே டைப்புக்கு பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். ஆமாம், சிவப்புதான் நெகட்டிவ். ஹெட்டில் மாற்றிப் போட்டால் சூடு ஏற ஏற அளவு இறங்கும். அதைப் பார்த்ததும் பேனலில் வயரைத் திருப்பிப் போட்டுச் "சரி பண்ணிட்டேன்" என்பார்கள். அளவு இப்போது ஏறும், ஆனால் அதே 70, 30 கணக்கில் 80 டிகிரி குறைவாகக் காட்டும். தப்பு நடந்த முனையிலேயே திருத்துங்கள்.

படி 6: கன்ட்ரோலர் செட்டிங்

கே இருந்த இடத்தில் என் மாட்டினால் கன்ட்ரோலரிலும் டைப்பை மாற்ற வேண்டும். மறந்தால் நூறு டிகிரிக்கும் மேல் குறைவாகக் காட்டும், உலை அந்த அளவுக்கு எகிறும். சென்சார் அறுந்தால் திரை உச்சத்துக்குப் போகும்படி வையுங்கள். அப்போதுதான் ஹீட்டர் அணையும். அதிகச் சூட்டைத் தடுக்கும் கன்ட்ரோலருக்குத் தனி சென்சார் வேண்டும். ஒரே சென்சாரைப் பங்கிட்டால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும்.

படி 7: சோதிப்பது

ஆர்டர் செய்யும்போதே பக்கத்தில் ஒரு சோதனைத் துளை கேட்டு வையுங்கள். சான்றிதழுள்ள இன்னொரு தெர்மோகப்பிளை அதன் வழியாகச் செருகி, இரண்டு நுனிகளும் நெருங்கியிருக்க, உலை வேலை செய்யும் சூட்டிலேயே ஒப்பிடுங்கள். பழைய சென்சாரைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவது பலன் தராது. மின்னழுத்தம் பிறப்பது நுனியில் அல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் இடையில் கம்பி கடந்துபோகும் பகுதியில். ஆய்வக உலையில் சென்சார் வேறு ஆழத்தில் நிற்கும், கெட்டுப்போன பகுதி ஒரே சூட்டுக்குள் அடங்கிவிடலாம், அளவும் சரியாகவே வரலாம். திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் பழையபடி குறைத்துக் காட்டும். எனவே மாட்டிய தேதியை ஹெட்டின் மூடியில் எழுதுங்கள், ஒவ்வொரு ஒப்பீட்டிலும் வந்த வித்தியாசத்தை ஒரு நோட்டில் குறியுங்கள். வித்தியாசம் ஒரே திசையில் வளரத் தொடங்கினால், கன்ட்ரோலரில் ஆஃப்செட் (அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்த எண்) போட்டுச் சமாளிக்காமல் சென்சாரை மாற்றிவிடுங்கள்.