டெலிட் செய்தால் போய்விடுமா? கம்ப்யூட்டர், செல்போன் பற்றி நாம் தவறாக நம்பும் விஷயங்கள்

போன ஆவணியில் ஒரு கணவன் மனைவி என் கடைக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அவர்கள் கையில் கேமராவின் மெமரி கார்டு ஒன்று. மகளின் காது குத்து விழா படங்கள் அதில்தான் இருந்தன. கார்டை லேப்டாப்பில் சொருகியபோது ஃபார்மட் செய்யவா என்று கேட்டிருக்கிறது. ஏதோ அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டார்கள். திறந்து பார்த்தால் கார்டு காலி. போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதே கார்டைக் கேமராவில் போட்டு, குலதெய்வம் கோவில் கொடையை இரண்டு நாள் வீடியோ எடுத்திருக்கிறார்கள். அழிந்த படங்களை மீட்க முடியும் என்று அதற்கப்புறம்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பாதிக்கும் குறைவாகத்தான் மீட்க முடிந்தது. அதில் ஒரு படம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மேல்பாதியில் தாய்மாமன் முகம், தோளில் புதுத் துண்டு, பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண்கள். கீழ்பாதி முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டாள். கோவில் வீடியோ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஃபார்மட் செய்த அன்றைக்கே கார்டை எடுத்துத் தனியாக வைத்திருந்தால் அநேகமாக எல்லாப் படங்களுமே கிடைத்திருக்கும்.

ஒரு ஃபைலை டெலிட் செய்யும்போது உள்ளே நடப்பது மிகச் சின்ன வேலை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை. 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகளில் பரவலாக இருக்கிற ஃபேட்32 முறையில், ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, இந்த இடம் இனி காலி என்று கார்டு குறித்துக்கொள்கிறது. மீட்கும் மென்பொருளில் பல சமயம் முதல் எழுத்து இல்லாத பெயராக வருவதற்குக் காரணம் இதுதான். விண்டோஸில் வழக்கமாக நாம் செய்கிற குவிக் ஃபார்மட்டும் இதே வகைதான். பொருளடக்கத்தைப் புதிதாக எழுதிவிடும், பக்கங்களைத் தொடாது. படம் உண்மையில் அழிவது அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்போதுதான்.

திரையில் தெரிவது ஒன்று, உள்ளே நடப்பது வேறொன்று. இந்தத் தொழிலில் நான் பார்க்கிற நஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் நடப்பவைதான்.

ஆகவே தெரியாமல் ஏதாவது அழிந்துவிட்டால் முதல் வேலை, அந்தக் கார்டையோ பென் டிரைவையோ பயன்படுத்துவதை அப்படியே நிறுத்துவது. இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரின் டிரைவில் அழிந்திருந்தால், மீட்கும் மென்பொருளை அதே டிரைவில் டவுன்லோடு செய்யாதீர்கள். மீட்க வேண்டிய ஃபைலின் மேலேயே அது போய் உட்காரலாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளே பல சமயம் போதும். அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, மீட்டதையும் வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். பென் டிரைவில் டெலிட் செய்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே போய்த் தேடி நேரத்தை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

இதே விஷயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய கம்ப்யூட்டரை விற்க வருபவர்கள் "எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன் அண்ணே" என்பார்கள். அதில் ஆதார் நகல், பத்திரத்தின் ஸ்கேன், வீட்டுப் பெண்களின் படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். வாங்குபவர் நினைத்தால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். விற்பதற்கு முன் ஹார்டு டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது, குவிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதிவிடுகிறது. பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

செல்போனில் கதை தலைகீழ். அங்கே மக்கள் எதிர்ப்பக்கமாகத் தவறு செய்கிறார்கள். ரீசெட் செய்த போனைக் கொண்டுவந்து "எப்படியாவது எடுத்துக் கொடுங்க" என்று கெஞ்சுவார்கள். ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு வந்த போன்களில் பெரும்பாலானவையும், ஐபோன்களும், உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டிய குறியீடாகத்தான் வைத்திருக்கின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிகிறது. அப்புறம் உள்ளே எஞ்சியிருப்பது யாருக்கும் புரியாத குப்பை. புது லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியிலும் மீட்பது கஷ்டம். டெலிட் செய்த இடத்தைக் கொஞ்ச நேரத்தில் அதுவே துடைத்துவிடும். ரீசெட் ஆன போனிலிருந்து படங்களை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"கூகுள் ஃபோட்டோஸ்ல பத்திரமா இருக்கு, போன்ல அழிச்சிடலாம்" என்ற நம்பிக்கையால் படங்களை இழந்தவர்களை மாதத்துக்கு ஓரிருவராவது பார்க்கிறேன். கூகுள் ஃபோட்டோஸ் ஆப்பைத் திறந்து, அங்கே இருக்கிற படத்தை அழித்தால், போனிலும் போகும், கூகுளிலும் போகும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. பேக்கப் ஆகியிருந்த படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதற்குள் நினைவு வந்தால் தப்பித்தோம். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதற்கென்றே அந்த ஆப்பில் தனி வசதி இருக்கிறது. அதைத்தான் அழுத்த வேண்டும். முதலில் பேக்கப் நடக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் படங்களும் கூகுள் தருகிற இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. ஜிமெயிலும் கூகுள் டிரைவும் பங்கு போடுவதும் அதே 15 ஜிபியைத்தான். அது நிரம்பிய அன்றே பேக்கப் நின்றுவிடும். அறிவிப்பு வரும், நாம்தான் தள்ளிவிடுவோம். ஒரு இடத்தில் அழித்தால் இன்னொரு இடத்திலும் அழியும் என்றால் அதற்குப் பெயர் பேக்கப் இல்லை.

அடுத்தது பணம் போகிற விஷயம். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பல வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். வங்கிகளே சொன்னன. அந்தப் பூட்டுக்கு உண்மையில் ஒரே ஒரு அர்த்தம்தான். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை வேறு யாரும் படிக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. திருடனோடு பேசினாலும் அந்தப் பேச்சு ரகசியமாக இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பூட்டைத் தருகிற சான்றிதழ் இன்று யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, போலித் தளம் நடத்துபவனுக்கும். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து பூட்டுப் படத்தையே கூகுள் எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது பூட்டை அல்ல, முகவரியின் கடைசிப் பகுதியை. https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கப்புறம் வரும் முதல் சாய்வுக் கோட்டிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். வங்கியின் பெயர் எங்கோ முன்னால் இருப்பதில் ஒரு பயனும் இல்லை, அதை யாரும் போட்டுக்கொள்ளலாம். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் (.bank.in) என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடிகிற முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா பழைய ஃப்ரிட்ஜை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டார். ஒருவன் பேரம்கூடப் பேசாமல் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றான். க்யூஆர் படம் ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்றான். அக்கா ஸ்கேன் செய்தார். திரையில் 4,000 ரூபாய் என்று வந்தது. தனக்கு வர வேண்டிய தொகை அதுதானே என்று பின்னைப் போட்டார். தொகை சரிதான், பணம் போன திசைதான் தவறு. பணம் வரவில்லை என்று சொன்னதற்கு இன்னொரு தடவை செய்யச் சொல்லியிருக்கிறான். அதையும் செய்தார்.

யுபிஐ 2016-ல் வந்த நாளிலிருந்து விதி ஒன்றுதான். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பணம் கொடுக்கவும், இருப்பைப் பார்க்கவும்தான் அது. தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு யுபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆனால் க்யூஆர் ஏமாற்று அதோடு நிற்காது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. அந்த அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மூன்று நாள் வெளியில் சொல்லவே இல்லை.

பிரவுசரில் இருக்கிற இன்காக்னிட்டோ என்ற ரகசிய ஜன்னல் பற்றி ஒரு வார்த்தை. அதில் பார்ப்பது உங்கள் கம்ப்யூட்டரின் ஹிஸ்டரியில் பதிவாகாது, அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. நீங்கள் போகிற தளத்துக்கும், நெட் கொடுக்கிற நிறுவனத்துக்கும், ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்கும் உங்கள் நடமாட்டம் தெரியத்தான் செய்யும். இதை வைத்து 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்கே போட்டார்கள். 2024-ல் சமரசம் ஆனபோது, சேர்த்து வைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

வேகம் பற்றிய நம்பிக்கைகள் ஆபத்தில்லாதவை, ஆனால் வீண் வேலை. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று ஐந்தாறு தடவை அழுத்துவதைக் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே பழக்கிவிட்டார்கள். அது திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரைந்து காட்டும், அவ்வளவுதான். செல்போனில் ஓடுகிற ஆப்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவதும் அப்படித்தான். தேவைப்பட்டால் போனே மூடிக்கொள்ளும். நீங்கள் மூடிவிட்டு ஐந்து நிமிடத்தில் திறந்தால், முதலிலிருந்து தொடங்க அதற்கு இன்னும் அதிகச் சார்ஜ் செலவாகும். ஆப் உறைந்துபோனால் மட்டும் தள்ளி மூடுங்கள். ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் ஆமை போல ஊர்ந்தால் உடனே வைரஸ் என்பார்கள். என் கடைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். எஸ்எஸ்டி மாற்றினால் போதும், புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை.

பேட்டரி விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முழுக்க இறங்கின பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது இருப்பவை லித்தியம் அயான். அதைப் பூஜ்ஜியம் வரை இறக்கிவிடுவதுதான் கெடுதல், சூடும் அதற்கு ஆகாது. இரவில் சார்ஜ் போட்டுத் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

அந்தக் கணவன் மனைவி தைப்பொங்கல் முடிந்து மறுபடி கடைக்கு வந்தார்கள், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்க. விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டியதும் ஏமாற்றிவிட்டேனோ என்று ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்கள். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, டிஸ்க் ஒன்றுதான் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மீட்ட படங்கள், கோவில் வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தேன். கூகுளில் ஒரு பிரதி ஏற்கெனவே இருக்கிறது. இந்த டிஸ்க் அவர்கள் வீட்டில் இருக்கப்போவதில்லையாம். குழந்தையின் அம்மாச்சி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைக்கப்போகிறார்களாம். மிக நல்ல இடம் என்று சொல்லி அனுப்பினேன். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.